தங்கள் தங்கையின் மூளையில் ஆரஞ்சு நிறம்

வண்டியூர்,
செவ்வாய்க்கிழமை.

திருமங்கலம் பெரிய மச்சான் விருமாண்டி அவர்களின் சமூகத்துக்கு, மாப்பிள்ளை பாண்டிராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை முத்துமீனாவும் மொட்டை மாடியில் காயும் வடகமும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் நலமாக இருக்க, குறிப்பாகத் தங்கள் ரத்த அழுத்தம் இறங்கியே இருக்க, மாரியம்மனை வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் 'அலோ' என்று வாயெடுப்பதற்குள் தாங்கள் பேசி முடித்து வைத்துவிடுவதால் இந்தக் கடிதம்.

தங்கள் பேரனின் காதுகுத்து விருந்தில், நான் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தபோது, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மா, மாப்ள உன்னையச் சந்தோசமா வச்சிருக்காரா?" என்று தாங்கள் கேட்டதும், அவள் "ஏதோ இருக்கேண்ணே" என்றதும், "அப்படின்னா ஆடியோட இங்கிட்டு வந்துரு, மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு" என்று தாங்கள் தீர்ப்புச் சொன்னதும் தங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. கப்பலூர் லேத் பட்டறையில் ஒரு போல்ட் சரியா இல்லையா என்று அளவெடுத்துச் சொல்லிவிடுவேன், இந்த "ஏதோ"வை எதை வைத்து அளப்பது? அவளிடமே கேட்டேன். "வேற சோலி இல்லையா? போயி மோட்டாரை நிப்பாட்டுங்க, தொட்டி நெறைஞ்சு வழியுது" என்றாள். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருப் பெண் சத்யப்ரியா வீட்டுக்கு வந்தாள். மூளையைப் படமெடுத்து மனநிறைவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம், அதற்கு நடுவயதுத் தம்பதிகள் வேண்டுமாம். ஸ்கேன் மிஷினுக்குள் படுக்கவைத்து, வீட்டு மனிதர் முகம், முன்பின் தெரியாதவர் முகம் என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். அப்போது மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறதோ அந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வண்ணம் தீட்டிக் காட்டும் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் சட்டையை மாட்டிவிட்டேன்.

முத்துமீனாவையும் கூட்டிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போனால், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். நான் மோதிரம், பெல்ட், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். லேத்காரன் என்பதால் கண்ணில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று தனியாக எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் சரி, முத்துமீனா மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். "மஞ்சக் கயித்தக் கட்டிட்டுத்தான் தங்கத்தக் கழட்டுவேன். இவரு கட்டுனது, இவரே கட்டட்டும்" என்றாள். அங்கே வேலை பார்க்கும் மாயக்காள் அக்கா அலமாரியைத் திறந்து மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை எடுத்து நீட்டினார். தினம் ஒருத்தியாவது இப்படி நிற்பாளாம். நான் ஒரு கையில் வேட்டியும் ஒரு கையில் கயிறுமாகத் தடுமாற, முழங்கால் ஸ்கேனுக்கு வந்த பெரியவர் ஒருவர் செல்போனில் கெட்டிமேளம் போட்டுவிட்டார்! நாத்தனார் முடிச்சுக்கு ஆளில்லாததால் மாயக்காள் அக்காவே போட்டார். ஆகையால் தங்களுக்குத் தெரியாமல் தங்கள் தங்கைக்கு இரண்டாம் கல்யாணம் நடந்துவிட்டது, மாப்பிள்ளை மட்டும் பழையவர். முத்துமீனா தலையைக் குனிந்து சிரித்தாள். பார்த்து ரொம்ப நாளான சிரிப்பு அது.

ஆளுக்கொரு கவரில் படம் கொடுத்தார்கள். கவரில் பெயர் கிடையாது, எண் மட்டும். அவளுடையதைப் பிரித்தேன். என் முகத்தைக் காட்டிய நேரத்தில் மூளையின் நடுவே ஆரஞ்சு நிறம் தகதகவென்று எரிகிறது மச்சான்! "சார், ஒரு படத்த வச்சு ஒருத்தங்க சந்தோசமா இருக்காங்களான்னு சொல்ல முடியாது. நெறையப் பேரோடதச் சேத்து வச்சுத்தான் எதையும் பாப்போம்" என்று சத்யப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். விஞ்ஞானமே சொல்லிவிட்டபடியால் தங்கள் தங்கை ஆடிக்கும் வரமாட்டாள், ஆவணிக்கும் வரமாட்டாள். மாடி ரூமைத் தாராளமாக வாடகைக்கு விடலாம்.

அக்காவுக்கு என் வணக்கமும், காது குத்திய பேரனுக்கு என் ஆசியும், புண் ஆற மஞ்சள் பூசச் சொல்லி முத்துமீனாவின் உத்தரவும் சேரட்டும்.

தங்கள் மாப்பிள்ளை,
பாண்டிராஜ்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சத்யப்ரியா போன் செய்தாள். நான் கவர்களை மாற்றி எடுத்துவிட்டேனாம். ஆரஞ்சாக எரிந்தது என் மூளை, முத்துமீனாவின் முகத்தைப் பார்த்து. அவளுடைய படம் ஆராய்ச்சிக்கே உதவாதாம். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாளாம். ஆக, என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. இங்கே இவளோ துணிப்பையை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். "எங்கிட்டுக் கெளம்பிட்ட?" என்றேன். "அண்ணன் வீட்டுக்கு. ஏன், சந்தோசமில்லாதவதான் அண்ணன் வீட்டுக்குப் போகணுமா? உங்க வேட்டியும் உள்ளதான் இருக்கு" என்றாள். "சரிடி, அந்த மிஷின் போடுற அம்புட்டுச் சத்தத்துல எப்படித் தூங்குன?" என்றேன். பையின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்கதான் வாசல்ல நின்னீங்கள்ல, அப்புறம் எனக்கென்ன பயம்?"

வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வாரோம், மச்சான்.