செபமாலைக்கு வந்த கிரேக்கத்துப் பெண்

பெருமதிப்புக்குரிய அன்ரன் சுவாமி அவர்களுக்கு,

ட்ருகனினாவிலிருந்து உங்கள் மச்சான் நொயல் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. நானும் இளையவள் டில்ஷாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். மன்னாரில் உங்கள் முழங்கால் நோவும் உங்கள் பங்குச் சனமும் அடங்கி இருக்க மன்றாடுகிறேன். உங்கள் தங்கை அஞ்சலீனா மூத்தவள் நிஷானியின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோ போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. அவள் இல்லாததால் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதாததற்குக் காரணம், உங்கள் போனை உதவிக் குருவானவரும் பார்ப்பார் என்பதுதான்.

விசயம் இதுதான். டில்ஷா ஒன்லைனில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கினாள். டாரட் என்று சொல்கிறார்கள், எதிர்காலம் பார்க்கிற சீட்டு. இதில் எல்லாம் கிரேக்கத்துத் தெய்வங்கள், பாதிப் பேருக்கு மேற்சட்டை இல்லை. "பிள்ளை, இது பாவமில்லையோ?" என்று கேட்டேன். "டாட், இட்ஸ் ஜஸ்ட் ஃபன்" என்றாள். சரி, பார்ப்போமே என்று, இவளுடைய அம்மா எப்போது வருவாள் என்று கேட்டு ஒரு சீட்டை இழுத்தேன். அன்றிலிருந்து தினமும் தேத்தண்ணியோடு ஒரு சீட்டு. ஒருநாள் மலையில் கல் உருட்டுகிறவன் வந்தான், அன்று முழுக்க எனக்கு முதுகு வலி. இன்னொரு நாள் பாதாள ராசா வந்தான், அன்று ஹீற்றர் பழுதாகிவிட்டது. ஆனால் அடிக்கடி வந்தவள் தெமெத்தர் என்ற பெண். தலையில் கிரீடம், கையில் கோதுமைக் கதிர், முகத்தில் சோகம். இவளுடைய மகளைப் பாதாள ராசா கொண்டுபோய்விட்டானாம். மகள் திரும்பும்வரை ஊரில் ஒரு புல்லும் முளைக்காதாம், ஒரே குளிராம். டில்ஷா இந்தக் கதையைச் சொன்னபோது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அஞ்சலீனா இங்கே உலகத்தின் தென்கோடியில் குளிர் தொடங்கும்போது பிளேன் ஏறி அங்கே வெயிலில் இறங்கினவள். எங்கள் வீட்டில் தாய் மகளிடம் போயிருக்கிறாள், குளிர் மட்டும் தகப்பனுக்கு. அவள் சட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்றும் இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கிறது. அந்தக் கோபத்திலேயே தெமெத்தரைக் கட்டுக்குள் திருப்பி வைக்க மனம் வராமல், வீட்டுப் பீடத்தில், தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாரின் சுரூபத்தோடு சாத்தி வைத்தேன். அவர் பார்த்து ஏதாவது செய்யட்டும் என்றுதான்.

இது ஒக்டோபர் அல்லவா, செபமாலைக்காக மாதா சுரூபம் வீடு வீடாக வருகிற மாதம். முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு என்பதையே நான் மறந்துபோனேன். அஞ்சலீனா இருந்தால் மூன்று நாளுக்கு முன்பே கதிரைகளைக் கழுவத் தொடங்கியிருப்பாள். பெல் அடித்ததும் திறந்தால் செபமாலை நடத்துகிற றெஜினா அன்ரி மாதாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறா, பின்னால் இருபது பேர். நான் குசினிக்கு ஓடி வடை ஓடர் பண்ணி, இருபது பேருக்குத் தேத்தண்ணியும் வைத்துவிட்டு வருவதற்குள் மாதாவைப் பீடத்தில் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, செபமாலையின் கடைசியான அஞ்சாம் காரணிக்கமும் முடிந்துவிட்டது. றெஜினா அன்ரி தெமெத்தரை உற்றுப் பார்த்துக்கொண்டு, "தம்பி நொயல், இவ எந்தப் புனிதை?" என்றா. "புனித தெமெத்தர், அன்ரி. தூரத்திலை இருக்கிற ஆக்களைத் திருப்பிக் கூட்டியாறவ" என்றேன். "ஓம் ஓம், கேள்விப்பட்டனான்" என்றா அன்ரி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு புனிதையைத் தெரியாது என்று சபையில் யார் சொல்வார்கள்? மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொன்னார்கள். "திருநாள் எப்ப?" என்று கேட்டா. வாயில் வந்தது அஞ்சலீனாவின் பிறந்தநாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பேர்த்தில் சுரங்கத்தில் வேலைசெய்யும் றெஜினா அன்ரியின் மகன், இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வராதவன், மறுநாள் வந்து இறங்கிவிட்டான். இப்போது தள்ளியிருக்கிற பொயிண்ட் குக்கிலிருந்தெல்லாம் சனம் வருகிறது. ஒருவர் மகனின் விசாவுக்கு, ஒருவர் கோபித்துக்கொண்டு போன மருமகளுக்கு. அன்ரி தெமெத்தரைப் படம் பிடித்து, லமினேட் பண்ணி, ஆளுக்கொன்று கொடுக்கிறா. எல்லோருக்கும் ஆட்கள் திரும்பி வருகிறார்கள் சுவாமி. என் ஆள் மட்டும் வரவில்லை.

போன கிழமை அஞ்சலீனா, "விசாவை இன்னும் ஆறு மாசம் நீட்டலாமாம், என்ன செய்ய?" என்று கேட்டாள். "உன்ரை விருப்பம். நிண்டு ஆறுதலா வா" என்றேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், அவள் கறிச்சரக்கு வறுக்கிற தாச்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். மேலே ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். அவள் இல்லாமல் எனக்கு ஏலவில்லை சுவாமி. வீட்டில் என்னைத் திட்ட ஒரு ஆள் இல்லை. ஆகவே, சீட்டைப் பீடத்தில் வைத்தது பாவமா என்பதற்குப் பதில் தாருங்கள். இரண்டாவது, நீங்களே தமையன் என்ற முறையில் அவளுக்கு எழுதி, வீட்டுக்குப் போ என்று சொல்லுங்கள். என் பெயர் வரக்கூடாது. ஆயர் இல்லத்தின் அபிப்பிராயம் என்று போட்டாலும் நல்லது.

உங்கள் பூசையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு மன்றாட்டு ஒதுக்கும்படி கேட்டு, உங்கள் ஆசீரை வேண்டி முடிக்கிறேன்.

கீழ்ப்படிவுள்ள மச்சான்,
நொயல்

பி.கு: உறையை ஒட்ட முன் அஞ்சலீனாவை போனில் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் சீட்டைப் பீடத்தில் வைத்ததற்குத் திட்டினாள். பிறகு, "நான் இல்லாமல் நிம்மதியா இருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன். ஒரு நாளாவது வா எண்டு சொன்னியளே? அதைக் கேக்கத்தானே விசாக் கதையை எடுத்தனான்" என்றாள். நான், "வா" என்றேன். "வாறன்" என்றாள். ஆகையால் நீங்கள் ஒருவருக்கும் ஒன்றும் எழுத வேண்டாம். நான் அழுதது போனில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் பரவாயில்லை.