கணக்குப் போடாமல் கணக்குக் கற்கும் முறை

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வில் தேறினால் வீட்டுக் கொடிக்கம்பத்தில் கொடியோடு புத்தகப் பையையும் தொங்கவிட வேண்டும். கடைசி வகுப்பு மாணவி வீப்கேயின் பை ஏறுமா ஏறாதா என்பது கணிதத்தின் கையில் இருந்தது. மற்ற பாடங்களில் அவளுக்குக் கவலையில்லை.

அந்த வருடம் பார்த்துத்தானா நகராட்சியின் கற்றல் மேம்பாட்டு ஆலோசகர் பவ்மா அவர்கள் பள்ளிக்கு எழுந்தருள வேண்டும்! முதல் வேலையாகப் பயிற்சிப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"கணக்குப் போட்டுப் போட்டுத்தான் ஜனங்களுக்குக் கணக்கே வெறுத்துப்போச்சு. முதல்ல எப்படிக் கத்துக்கறதுன்னு கத்துக்கணும்."

"அப்புறம் போடலாமா சார்?" என்றாள் வீப்கே.

"தயாரானதும் போடலாம்."

"தயாராயிட்டோம்னு எப்படி சார் தெரியும்?"

"அதுக்குத் தனிப் பயிற்சி இருக்கும்மா. அவசரப்படாதே."

குளிர்காலம் முழுக்க வகுப்பு தயாரானது. பிள்ளைகள் கண்ணை மூடி முக்கோணத்தை உணர்ந்தார்கள். சமன்பாடுகளோடு தங்களுக்குள்ள மனத்தாங்கலை வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். கணித ஆசிரியர் மூலையில் காபி குடித்துக்கொண்டே சம்பளம் வாங்கினார். வெட்கங்கெட்ட மனுஷன்!

வீப்கே சைக்கிள் கொட்டகையில் ஒளிந்துகொண்டு பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்தாள். தப்பு வந்தது. எங்கே தப்பு என்று தேடிப் பிடித்து, தாளை மூடிவைத்துவிட்டு மறுபடி போட்டாள். சைக்கிள் எடுக்க வந்த பவ்மா பார்த்துவிட்டார்.

"அடக் கடவுளே! கணக்கா போடறே? இந்தக் கெட்ட பழக்கம் எங்கேர்ந்து வந்துது?"

"போடாம எப்படி சார் வரும்?"

"திமிரைப் பாரு! வருஷக் கடைசியில எல்லாருக்கும் நான் தரப்போற கற்றல் சான்றிதழ் உனக்குக் கிடையாது, போ!"

ஜூனில் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. கணிதத்திலும் வீப்கே பாஸ். மற்ற அத்தனை பேரும் அதில் ஃபெயில்.

பவ்மா அசரவில்லை. உடனே அறிக்கை விட்டார்: 'தேர்வு என்பது கணித அறிவை மட்டுமே அளக்கவல்ல குறுகிய கருவி. கற்கக் கற்றதில் நம் மாணவர்கள், ஒருவர் நீங்கலாக, முழு வெற்றி பெற்றுள்ளனர்.' ஃபெயிலான ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் வந்தது. பெற்றோர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கொடியும் பையும் ஆடின.

வீப்கேயின் அம்மா யெல்லியும் கொடியோடு மகளின் பையை ஏற்றினாள். பக்கத்து வீட்டு சீட்ஸ்கே வேலியோரம் வந்தாள்.

"ஏன் யெல்லி, உன் பொண்ணு வெறும் கணக்குல மட்டுந்தான் பாஸாமே? சான்றிதழ் தரலையாமே?"

யெல்லியின் முகம் செத்துப்போனது. விறுவிறுவென்று கயிற்றை இழுத்துக் கொடியையும் பையையும் இறக்கி மகள் கையில் திணித்தாள்.

"அம்மா, நான் பாஸும்மா!"

"வாயை மூடுடி, மானம் போகுது. பவ்மா சார் கால்ல விழுந்தாவது உன்னை மறுபடி அவர் வகுப்புல சேத்துவிடறேன். அடுத்த வருஷமாவது எல்லாரையும் மாதிரி ஒழுங்காப் படி!"

கணக்குத் தெரிந்த ஒரே வீட்டின் கம்பம் மட்டும் அன்றைக்கு மொட்டையாக நின்றது.