ஐம்பது நிமிஷத் தூரம்

"இது என்ன?" சோதனைக்காரப் பெண் பைக்குள்ளிருந்து நூல் கட்டிய பித்தளைக் குண்டைத் தூக்கிப் பிடித்தாள்.

தூக்குக்குண்டு என்று பெயரைச் சொல்ல வாயெடுத்த கொத்தனார், நிற்பது விமான நிலையம் என்று பார்த்து, 'குண்டை' விழுங்கிக்கொண்டார். "சுவர் நேரா இருக்கான்னு பாக்கறதும்மா."

"விமானத்துல எந்தச் சுவரைப் பாக்கப் போறீங்க? உளி, சுத்தியல் வேற. மேல கொண்டுபோகக் கூடாது."

"அப்ப கீழ போட்டுடறேன்."

சாரத்தின் மேல் நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. "சித்தப்பா, அப்பா போயிட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றான் அண்ணன் மகன். மேற்கொண்டு என்னவோ சொல்ல வந்தவனை, "நான் வராம எடுக்காதீங்கடா" என்று வெட்டிவிட்டு, சிமென்ட் காய்ந்த கையோடு இறங்கினார். பஸ்ஸில் போனால் ராத்திரியாகிவிடும். "வானத்துல ஐம்பது நிமிஷம்தான் மாமா" என்று மருமகன்தான் விமானத்தில் ஏற்பாடு செய்தான்.

அண்ணனோடு பேச்சு நின்று பல வருஷம். இவர் எழுப்பிய சுவரில் நாலு பேர் பார்க்க இந்த நூலைத் தொங்கவிட்டு, "விரற்கடை கோணல்டா" என்றார் அண்ணன். நூலைப் பிடுங்கிக்கொண்டு ஊரைவிட்டே வந்தவர் இவர். இன்று அதை அண்ணன் கையில் வைத்து, 'கோணல்தாண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

பையைச் சாமான்களோடு சேர்த்துவிட்டு, மறுபடியும் வரிசையில் நின்று, கடைசி ஆளாக ஏறி உட்கார்ந்தார். விமானம் நகரவில்லை.

பணிப்பெண் வந்தாள். "சின்ன விமானம், வெயில் ஏறிடுச்சு, எடையும் கூடிப்போச்சு. தனியா வந்தவங்க யாராவது ஒருத்தர் சாயங்கால விமானத்துல வர முடியுமா?"

எல்லாத் தலையும் கொத்தனார் பக்கம் திரும்பியது. கடைசியாக ஏறியவர், தனி ஆள், போதாக்குறைக்குச் சுத்தியலைக் கீழே ஏற்றியவர்.

"நான் சாவுக்குப் போறேன், இறங்க மாட்டேன். கீழ சாமான் இருக்குல்ல, அதை இறக்குங்க."

"பெரிசா ஒரே ஒரு பெட்டிதான் சார். அனுப்பினவங்க அவசரம்னு சொல்லியிருக்காங்க."

"பெட்டிக்கு என்னம்மா அவசரம்? நாளைக்குப் போனா அழுதுடுமா? சாமானை ஏத்திக்கிட்டு மனுஷனை இறக்கிவிடுவீங்களா?"

"பெரியவர் கேக்கறது நியாயம்தானே" என்றார் பின்னால் இருந்தவர். இன்னும் நாலைந்து குரல் சேர்ந்தது. பணிப்பெண் முன்னால் போய்ப் பேசிவிட்டு வந்தாள். காலுக்கடியில் ஏதோ உரசியது. தார்ப்பாய் போர்த்திய தள்ளுவண்டி ஒன்று ஜன்னலைத் தாண்டிப் போனது.

"போய் நாளைக்கு வா" என்று அதற்குக் கையாட்டினார் கொத்தனார்.

மேலே ஏறியதும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் இறங்கப்போவதாகச் சொன்னார்கள். இவ்வளவுதானா தூரம்? இதையா இத்தனை வருஷமாகத் தாண்டாமல் கிடந்தோம்?

பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் அண்ணன் மகன் வேனோடு நின்றிருந்தான்.

"வீட்டுக்கு விடுடா. மூஞ்சியைப் பாக்கணும்."

"அப்பா வீட்டுல இல்ல சித்தப்பா. ரெண்டு மாசமா உங்க ஊர் ஆஸ்பத்திரியிலதான் கிடந்தாரு, உங்களுக்கு அடுத்த தெருவுல. 'அவனா வரட்டும், நீ கூப்பிடாதே'ன்னுட்டாரு. அதைத்தான் போன்ல சொல்ல வந்தேன், வெச்சிட்டீங்க."

கொத்தனாரின் கை பைக்குள் நூலைத் தேடியது. "அப்ப அண்ணன் இப்ப எங்கடா?"

அதற்குள் சாமான் இறக்கும் வாசலிலிருந்து வேன் டிரைவர் மூச்சிரைக்க வந்தார். "தம்பி, அப்பா வரல. சாவுக்குப் போற ஆள் ஒருத்தரு அங்க சண்டை போட்டு, பெட்டியை இறக்க வெச்சிட்டாராம்."