மழை வரட்டும், படம் எடுக்கலாம்

மழை தாங்கும் கேமரா வைத்திருப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. மழையில் படம் எடுப்பவர் வேறு. அவர் பாவம், பிழைப்புக்காக நனைகிறார். நான் சொல்வது, மழை தாங்கும் என்பதற்காகவே கேமரா வாங்கியவரை. படம் எடுப்பது அந்தக் கேமராவுக்கு ஒரு பக்கத் தொழில் என்று நினைப்பவரை.

எங்கள் பெர்கன் நகரத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். ஏன் தேறமாட்டார்? வானத்துக்குக் குழாயை மூடத் தெரியாத ஊர் இது.

அடையாளம் காண்பது சுலபம். "என்ன படம் எடுத்தீங்க?" என்று கேளுங்கள், பதில் வராது. "தண்ணி புகாம இருக்க எத்தனை ரப்பர் வளையம் இருக்கு?" என்று கேளுங்கள். உங்களை உட்கார வைத்து, காபி ஊற்றிக் கொடுத்து, பேட்டரி மூடிக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று, லென்ஸ் சேரும் கழுத்தில் ஒன்று என்று பெற்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல அறுபத்தெட்டு வளையத்தையும் கூப்பிட்டு முடிப்பார். அதற்குள் காபி ஆறிவிடும். நீங்களும்தான்.

என் சம்பந்தி ஓட்வார் இந்த இனத்தில் முதல் தரம். என் மகள் சில்யேயின் மாமனார். நல்ல மனிதர், ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டார். ஈ கேமராவுக்குள் புகுமா என்று மட்டும் பார்ப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பாட்டு மேசையில் கேமராவை வைத்து, தண்ணீர்ச் சொம்பை அதன் தலையில் கவிழ்ப்பார். உருளைக்கிழங்கு மிதக்கும். விருந்தாளி கை தட்ட வேண்டும். தட்டாவிட்டால் இன்னொரு சொம்பு.

ஒருமுறை அந்தக் கேமராவோடு வந்த உத்தரவாதச் சீட்டை வாசித்துப் பார்த்தேன். நான் அதிகம் படித்தவன் இல்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். 'தண்ணீரால் வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று இருந்தது.

"என்ன சம்பந்தி, இப்படிப் போட்டிருக்கான்?"

"அது தன்னடக்கம்" என்றார் ஓட்வார்.

போன நவம்பரில் துறைமுகத்தில் மூன்று மணி நேரம் நின்று, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேமராவை நனைத்தார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் என் கையை இறுகப் பிடித்தார். கடைசி வார்த்தையோ என்று பயந்து குனிந்தேன். "ஒரு சொட்டு உள்ள போகல, சம்பந்தி" என்றார்.

பதினோராயிரம் படம் எடுத்திருக்கிறார். எல்லாம் மழை. சம்பந்தியம்மா தோருன் ஒன்றில்கூட இல்லை. கேட்டால், "நான் என்ன ஒழுகிற கூரையா, என்னைப் படம் எடுக்க?" என்பார்.

இவரால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பேத்தி பிறக்கும்வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேத்தி பெயர் ஆஸ்னே. ஒன்பது வாரம் ஆகிறது. சிரிக்கிறாள். வாயுத் தொல்லை என்கிறாள் நர்ஸ். இல்லை, என்னைப் பார்த்துத்தான். பத்து விரலும் அவித்த இறால் மாதிரி சிவப்பு. இதற்கு மேல் சொன்னால் நிறுத்தமாட்டேன்.

ஜூன் மாதம் ஞானஸ்நானம் வைத்தோம். அதற்கு என் அண்ணன் ஸ்டைனார் வந்தார். எண்பத்து நான்கு வயது. ஆறு வருடமாகத் தன் தீவை விட்டு அசையாத மனிதர், பிள்ளையைப் பார்க்கவென்று இரண்டு படகு மாறி வந்தார். சாயங்காலம் நாலு மணிப் படகில் திரும்ப வேண்டும். இனி எப்போது வருவாரோ, வருவாரோ மாட்டாரோ. அவர் மடியில் பேத்தி இருக்கும் ஒரே ஒரு படம் எனக்கு வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

படத்துக்கு ஓட்வார் பொறுப்பு. கோவில் வாசலிலேயே எல்லாருடைய ஃபோனையும் வாங்கித் தன் தண்ணீர் புகாத பைக்குள் போட்டுப் பூட்டினார். "ஆளாளுக்கு ஃபோனை நீட்டினா என் படத்துல உங்க முழங்கைதான் விழும்." நியாயம்தானே என்று கொடுத்தோம்.

வெளியே வந்தால் வெயில்! கண் கூசும் வெயில். பெர்கனில் அப்படி ஒரு நாள் வந்தால் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் புல்லில் விழுந்து கிடப்பார்கள். விசேஷத்துக்கென்றே பெட்டியில் பூட்டி வைத்த கம்பளி உடையும் மார்பில் குத்தும் வெள்ளி ஊசியுமாக நாங்கள் மினுங்கினோம். அண்ணனைக் கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார வைத்து மடியில் பிள்ளையைக் கொடுத்தோம். அவள் அவர் தாடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எடுங்க சம்பந்தி!"

ஓட்வார் வானத்தைப் பார்த்தார். "இதுலயா? வெயில்ல எவன் வேணா எடுப்பான். எதிர்த்த மலைமேல ஒரு மேகம் தெரியுது பாருங்க. பத்து நிமிஷம்."

"மாமா, அண்ணாந்து பாத்தது போதும், குழந்தைய பாருங்க" என்றாள் சில்யே.

"சும்மா இரும்மா. அறுபத்தெட்டு வளையம் இருக்கிற கேமராவ வெயில்ல காட்டினா அதுக்கே அவமானம்."

பத்து நிமிடம் ஆனது. மேகம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இரண்டரை, மூன்று. பேத்தி பசித்து அழுதாள், பால் குடித்தாள், தூங்கினாள், எழுந்தாள். கேக்கில் கிரீம் உருகி ஒழுகியது. ஃபோன் பையைக் கேட்டேன். சாவி இந்தச் சட்டையில் இல்லை என்று எல்லாச் சட்டைப் பையையும் தட்டிக் காட்டினார். அந்தத் தண்ணீர் புகாத பையும் அவரைப் போலவே. எதையும் உள்ளே விடாது, வெளியேயும் விடாது.

மூன்றேகால். டாக்சிக்குச் சொல்லியாகிவிட்டது. அண்ணன் கேட்டார்: "டேய் தம்பி, உன் சம்பந்தி யாருக்காகக் காத்திருக்காரு?"

"மழைக்கு."

"பெர்கன்ல மழைக்குக் காத்திருக்கிற முதல் ஆள இன்னிக்கித்தான் பாக்கிறேன்."

அப்போதுதான் ஓட்வாரின் கண், கல்லறைப் பூக்களுக்கு ஊற்றுவதற்காகக் குழாயடியில் வைத்திருந்த பச்சைப் பூவாளி மேல் விழுந்தது. ஓடினார். நிரப்பினார். என் கையில் கொடுத்தார்.

"ஊத்துங்க சம்பந்தி."

"எங்க?"

"என் மேலதான். கேமராவோட சேத்து."

ஊற்றாமல் என்ன செய்வேன்? கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து இந்த மனிதரிடம் நான் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஊற்றினேன். ஊரே காய்ந்து மினுங்க, நாங்கள் எல்லாரும் வெயிலில் நிற்க, ஓட்வார் ஒருவருக்கு மட்டும் அடைமழை பெய்தது. கோட்டு, டை, காதுக்குள், ஷூவுக்குள் தண்ணீர். சம்பந்தியம்மா மார்பு ஊசி தெறிக்கச் சிரித்தார். ஞானஸ்நானம் கொடுத்த பெண் பாதிரியார் கல்லறைக் கல்லில் சாய்ந்து சிரித்தார். அண்ணன் வயிறு குலுங்க, அந்தக் குலுக்கலில் பேத்தி தொட்டிலில் ஆடுவதுபோல ஆடி, பல்லில்லாத வாயை அகலத் திறந்தாள்.

க்ளிக்!

"பாத்தீங்களா? ஒரு சொட்டு உள்ள போகல!" என்று கத்திய ஓட்வார், அதை நிரூபிக்க, பேட்டரி மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். மூடி திறந்த பிறகு அறுபத்தெட்டு வளையமும் சேர்ந்து என்ன செய்யும்? வேடிக்கை பார்க்கும்.

நான் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க சம்பந்தி!"

"நீங்க இதுவரைக்கும் நிறுத்தச் சொல்லலயே."

கேமரா ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு சிமிட்டவில்லை. டாக்சி வந்தது. அண்ணன் பேத்தியின் நெற்றியில் மூக்கை உரசிவிட்டு ஏறிப் போய்விட்டார். ஓட்வார் நனைந்த கோழிபோல நின்றார். திட்டக்கூட மனம் வரவில்லை.

கேமராவுக்குள் இருந்த மெமரி அட்டையைச் சில்யே எடுத்து இரண்டு நாள் ஜன்னலில் காய வைத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். அன்றைக்கு எடுத்த அந்த ஒரே படம் இருந்தது. அண்ணன் இருந்தார், சிரித்தபடி. மடியில் பேத்தி. லென்ஸில் நின்ற துளிகளால் படத்தில் எல்லார் மேலும் தண்ணீர் வழிவதுபோல் தெரிந்தது. என்னைக் கேட்டால் உலகத்திலேயே நல்ல படம் அதுதான். அச்சுப் போட்டுத் தீவுக்கு அனுப்பினோம்.

அடுத்த வாரம் அண்ணனிடமிருந்து ஃபோன். "படத்த அடுப்பு மேல மாட்டிட்டேன்டா. ஆனா வர்றவன் போறவன்லாம் என்னைத் திட்டறான். பச்சக் குழந்தைய இப்பிடிக் கொட்டற மழையில வெச்சுக்கிட்டு இளிக்கிறியே கிழவான்னு."

இதை ஓட்வாரிடம் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

"மழைன்னே நம்பிட்டாங்களா?"

புதுக் கேமராவுக்குச் சொல்லியிருக்கிறாராம். எண்பது வளையம்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. இப்படியும் ஒரு மனிதரா, ஒரு பொருளை வாங்கிவிட்டு அதற்கு வேலை கொடுக்க ஆபத்தைத் தேடி அலைவாரா என்றுதானே? இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு இன்வர்ட்டர் வந்த அன்று சாயங்காலம் கரண்ட் போகவே இல்லையே, ஞாபகம் இருக்கிறதா? எட்டு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் மெதுவாக எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தது யார்?