வன்முறை போதாத பள்ளி

பள்ளிகளில் வன்முறையைத் தடுத்து மாணவர் பாதுகாப்பை மேம்படுத்த அரசு நிதி ஒதுக்கியது. ஒதுக்கிய நிதியை யாரும் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியையும் நியமித்தது.

அந்தப் பள்ளியில் மாடிப்படியின் கம்பிக் கைப்பிடி வெகுகாலமாக ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பு மாடியில். மணி அடித்துப் பிள்ளைகள் தடதடவென்று இறங்கும்போதெல்லாம் தலைமையாசிரியை கீழே இரண்டு கைகளையும் விரித்து நிற்பார், விழுகிற பிள்ளையைப் பிடிக்க. அதிகாரி பார்வையிட வந்தபோதும் அப்படித்தான் நின்றார். தன்னைத்தான் வரவேற்கிறார் என்று அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

"இந்தக் கைப்பிடிய மட்டும் மாத்திக் குடுங்க சார். ஒரு புள்ள விழுந்துட்டா?"

"விழுந்தா விபத்து மேடம். அது வேற இலாகா. யாராவது தள்ளிவிட்டா சொல்லுங்க. அது வன்முறை, உடனே குடுத்துடலாம்."

"இங்க யாரும் யாரையும் தள்ள மாட்டாங்களே."

"அப்புறம் எதத் தடுக்க நிதி கேக்குறீங்க?"

தலைமையாசிரியை உடற்பயிற்சி ஆசிரியரை ஓரமாக அழைத்துப் போனார். பெரிய மீசைக்காரர், கரப்பான்பூச்சிக்கும் வழிவிடுகிறவர்.

"சார், சின்னதா ஒரு அடிதடிக்கு ஏற்பாடு பண்ண முடியுமா?"

"ஐயோ மேடம், ரத்தம் பாத்தா எனக்கு மயக்கம் வரும்."

"ரத்தமெல்லாம் வேண்டாம். லேசாத் தள்ளினா போதும்."

"வரிசையில தள்ளாதீங்கன்னு காலையிலதான் புள்ளைங்களுக்குச் சொன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?"

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று பாதிப் படி ஏறினார். "வித்தியாசம் ரொம்ப சுலபம். இப்ப நானாச் சாய்ஞ்சா..." என்று கைப்பிடியில் சாய்ந்தார்.

கைப்பிடியும் அதிகாரியும் சேர்ந்தே கீழே வந்தார்கள். தலைமையாசிரியை வழக்கம்போலக் கைகளை விரித்தார். அவை ஒன்றாம் வகுப்பு எடைக்கு மட்டும் பழகிய கைகள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அதிகாரி கெஞ்சினார். "மேடம், விபத்துன்னா லீவு நாளுக்கு எனக்குச் சம்பளம் வராது. தாக்கிட்டாங்கன்னா வரும். யாரோ தள்ளினாங்கன்னு சொல்லிடுங்களேன்."

"பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"கைப்பிடி வேணுமா, வேண்டாமா?"

விசாரணைக்கு வந்த மேலதிகாரி, "தள்ளியது யார்?" என்று பள்ளியையே கூட்டி வைத்துக் கேட்டார். தலைமையாசிரியை கை தூக்கினார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் உடற்பயிற்சி ஆசிரியரும் தூக்கினார். பிறகு பள்ளி முழுவதும் தூக்கியது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு கைகளையும் தூக்கினாள்.

எல்லோரையும் நீக்கினால் பள்ளி இருக்காது. பள்ளி இல்லாவிட்டால் நிதியைச் செலவழிக்க இடம் இருக்காது. ஆகவே வழக்கு மட்டும் பதிவாயிற்று. மிகக் கொடிய பள்ளி என்ற தகுதியில் நிதி வந்து கொட்டியது. வாசலில் வைத்த உலோகச் சோதனைக் கருவி ஒவ்வொரு சாப்பாட்டு டப்பாவுக்கும் அலறியது. படிக்கு எதிரே கேமரா முளைத்தது. பக்கத்துப் பள்ளிப் பெற்றோர் தங்கள் தலைமையாசிரியரை முற்றுகையிட்டார்கள். "அந்தப் புள்ளைங்க எங்கியோ போயிட்டாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு அடிதடியாவது உண்டா?"

ஊன்றுகோலோடு வந்த அதிகாரியிடம் தலைமையாசிரியை கேட்டார். "எல்லாம் வந்துச்சு. கைப்பிடி எங்க சார்?"

"அந்தப் படியத் தொடவே கூடாது மேடம். குற்றம் நடந்த இடம். வழக்கு முடியுற வரைக்கும் அப்படியேதான் இருக்கணும்."

"அதுக்குள்ள யாராவது விழுந்தா?"

"அதுக்குத்தானே கேமரா? இனிமே யாரு விழுந்தாலும் தெளிவாத் தெரியும்."

மணி அடித்தது. தலைமையாசிரியை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு படியை நோக்கி ஓடினார்.

ஆசிரியை ஒருவர் சின்னஞ்சிறு பிள்ளைகள் மீது பாய்வதாகக் கேமராவில் பதிவாயிற்று. அடுத்த ஆண்டுக்கும் நிதி உறுதியானது.