ஐந்தாம் சுருள் மச்சம்

நான்காம் சுருள் முடியும்வரை நாயகியின் இடது கன்னத்தில் இருந்த மச்சம், ஐந்தாம் சுருள் தொடங்கியதும் வலது கன்னத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது.

தூசியார் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மச்சம் அங்கேயே இருந்தது. கணினித் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இருந்தது.

பழைய திரைப்படங்களைச் சீர்செய்து பாதுகாக்கும் காப்பகத்தில் அவருக்கு வேலை. படச்சுருளைப் பிரேம் பிரேமாகக் கணினியில் ஏற்றி, தூசி, கீறல், பூஞ்சைக் கறை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோயிற்று.

ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். இந்தப் படத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று காப்பகத் தலைவர் சொல்லியிருந்தார். சொதப்பினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. தூசியாருக்கு அது சொல்லாமலே புரிந்தது.

ஏனென்றால் படம் அப்படிப்பட்ட படம். வெளிவந்து ஐம்பது வருடம். சீர்செய்த பிரதியைத் திரையிடும் நாளில், எழுபதைத் தாண்டிவிட்ட நாயகிக்கு மேடையில் பதக்கம் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவும் குறிப்பாக ஐந்தாம் சுருளில் வரும் மாடிப்படிக் காட்சிக்காக. கணவன் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவள் அதைப் படித்துவிட்டு, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் படியேறிப் போகிறாள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் உலகத்தில் அதற்குப் பிறகு யாரும் ஒழுங்காகப் படியேறவில்லை என்று விமர்சகர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

மச்சம் இடம் மாறியதை இத்தனை வருடம் யாரும் பார்க்காததற்கும் காரணம் இருந்தது. ஐந்தாம் சுருள் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள். நாயகியின் முகத்தில் ஒரே நேரத்தில் நாற்பது மச்சம் இருந்தது. தூசியார் மூன்று வாரம் உட்கார்ந்து முப்பத்தொன்பதை அழித்தபிறகுதான் உண்மை மச்சம் தனியாக நின்றது. தப்பான கன்னத்தில்.

"சுருள் தலைகீழா பிரதி எடுத்திருக்காங்க சார். இடம் வலமா, வலம் இடமா ஆயிருக்கு" என்றார் தலைவரிடம்.

"நிச்சயமா?"

"பிலிம் ஓரத்துல எழுத்து இருந்தா பாத்துச் சொல்லிடலாம். இது நகலுக்கு நகல், ஓரமெல்லாம் கறுத்துப்போச்சு. ஆனா மச்சம் பொய் சொல்லாதே சார்."

"சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

"ஒரே ஒரு பொத்தான்தான். சுருளை அப்படியே திருப்பிடலாம்."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினொரு வருடப் பதவிக் காலத்தில் அவர் பெயர் பத்திரிகையில் வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் கட்டடத்தின் கூரை ஒழுகியபோது.

"தூசியாரே, நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல" என்றார்.

தூசியார் பொத்தானை அமுக்கினார். மச்சம் இடது கன்னத்துக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் பத்திரிகைகளும் வந்து சேர்ந்தன. 'ஐம்பது ஆண்டுப் பிழை திருத்தம்! காப்பகம் சாதனை!' என்று கொட்டை எழுத்து. பக்கத்திலேயே திருப்பப்பட்ட மாடிப்படிக் காட்சி, கால் பக்க அளவுக்கு.

அந்தப் படத்தைப் பக்கத்து அறைப் பெண்தான் முதலில் உற்றுப் பார்த்தாள். பழைய படங்களின் ஒலியில் உள்ள கரகரப்பை நீக்குவது அவள் வேலை. அவளுக்கு இரைச்சல் என்று பெயர்.

"தூசி சார், இந்தச் சுவர்க் கடிகாரத்துல எத்தனை மணி?"

"நாலரை."

"நாலரைன்னா சின்ன முள் இந்தப் பக்கம் இல்ல இருக்கணும்? ஓட விட்டுப் பாருங்களேன்."

ஓட விட்டார். நொடி முள் ஆனந்தமாகப் பின்னோக்கி நடந்தது.

"அப்ப முதல்ல இருந்ததுதான் சரியா?" என்றாள் இரைச்சல்.

"அதெப்படிச் சரியாகும்? மச்சம் எப்படிம்மா கன்னம் மாறும்?"

"கடிகாரம் எப்படி சார் பின்னாடி ஓடும்?"

தூசியார் பத்திரிகையைப் பார்த்தார். அதில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பிடம் போய்ச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. கடிகாரத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திருப்பி ஒட்டினார். நான்கு நாள் ஆனது. நொடி முள் ஒழுங்காக ஓடியது.

ஐந்தாவது நாள், நாயகன் இடது கையால் எழுதுவதைக் கண்டார்.

மற்ற சுருள்களில் வலது கையால் சாப்பிட்டு, வலது கையால் வில்லனை அறைந்த மனிதன். மனைவியைக் கைவிடும்போது மட்டும் இடது கை.

"மன அழுத்தத்துல கை மாறியிருக்கலாம்" என்றாள் இரைச்சல்.

"விளையாடாதே."

"சரி, அதை விடுங்க. லெட்டரைப் பாத்தீங்களா?"

கடிதம் திரை முழுக்க நெருக்கத்தில் தெரிந்தது. எழுதும் கையும் கூடவே தெரிந்தது. எழுத்துகள் எல்லாம் புறமுதுகு காட்டி நின்றன. அந்த ஒரு காட்சியை மட்டும் திருப்பாமல் விட்டால், தூரத்தில் இடது கையால் எழுதுகிறவன் கிட்டத்தில் வலது கையால் எழுதுவான். ஆகவே கையை அப்படியே விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் புதிதாக எழுதி ஒட்டுவது என்று தீர்மானித்தார். அவருடைய கையெழுத்து அவருக்கே புரியாது. மனைவி பள்ளி ஆசிரியை, அவளுக்கு முத்து முத்தான எழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் தாளை வைத்தார்.

"என்ன எழுதணும்?" என்றாள் மனைவி.

"'நான் போகிறேன். திரும்பி வர மாட்டேன். என்னைத் தேடாதே.' அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? கட்டின பொண்டாட்டிக்கு எழுதற லட்சணமா இது?"

"நான் எழுதலம்மா, படத்துல அவன் எழுதறான்."

"அவன் ஏன் போறான்?"

"அது ஏழாம் சுருள்ல வரும். நீ எழுது."

அவள் எழுதினாள். நன்றாகவே எழுதினாள். தூசியார் அதைப் படம் பிடித்து, ஒவ்வொரு பிரேமிலும் பேனா முனைக்கு ஏற்ற மாதிரி ஒட்டி முடிக்க ஒன்பது நாள் ஆனது. முடித்தபிறகு ஓட விட்டுப் பார்த்தார். 'என்னைத் தேடாதே' என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'கதவைச் சரியாகத் தாழிட்டுக்கொள்.'

வீட்டுக்குப் போன் செய்தார். "ஏன் இப்படிப் பண்ணே?"

"தனியா இருக்கப்போறா இல்ல? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன குறைஞ்சுடும்?"

அழித்து ஒட்ட இன்னொரு ஒன்பது நாள் அவரிடம் இல்லை. அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆறாம் சுருளைத் திறந்தார்.

ஐந்தாம் சுருளின் கடைசியில், நாயகி படியேறித் திரையின் இடப்பக்கமாக மறைந்தாள். ஆறாம் சுருளின் தொடக்கத்தில் மாடியில் அதே இடப்பக்கத்திலிருந்து வந்தாள். மேலே போன மகராசி பாதியிலேயே மனசு மாறித் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

வேறு வழியில்லாமல் ஆறாம் சுருளின் முதல் காட்சியையும் திருப்பினார். அவள் இப்போது ஒழுங்காக மறுபக்கத்திலிருந்து வந்தாள். ஆனால் வரும்போது மச்சத்தை வலது கன்னத்தில் வைத்துக்கொண்டு வந்தாள்.

தூசியார் அந்தக் காட்சியில் மட்டும் மச்சத்தை அழித்து, மறு கன்னத்தில் பிரேம் பிரேமாக வரையத் தொடங்கினார். மூவாயிரத்து இருநூறு பிரேம். மூவாயிரத்து இருநூறு மச்சம்.

இரைச்சல் தேநீரோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"முதல்லயே அஞ்சாம் சுருளைத் திருப்பாம, மச்சத்தை மட்டும் இப்படி மாத்தியிருந்தா?"

தூசியார் தேநீரை வாங்கிக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மச்சத்தை வரைந்தார்.

திரையிடல் நாளன்று மாலை அரங்கம் நிறைந்திருந்தது. நாயகி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இடது கன்னத்தில் மச்சம் பத்திரமாக இருப்பதைத் தூசியார் முதல் வேலையாகப் பார்த்து நிம்மதியடைந்தார். நாயகிக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை. அக்காவின் மருந்துப் பை, சால்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அந்த அம்மாள் மடியில் இருந்தன. அக்காவின் சாயல் நன்றாகத் தெரிந்தது. ஆனால் நட்சத்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவரை யார் கவனிக்கிறார்கள்?

விளக்கு அணைந்தது. தூசியார் கடைசி வரிசையில் நின்றார். ஐந்தாம் சுருள் வந்தது. கடிகாரம் ஒழுங்காக ஓடியது. நாயகன் இடது கையால் கடிதம் எழுதினான். 'கதவைச் சரியாகத் தாழிட்டுக்கொள்' என்று திரையில் வந்ததும் அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாயகி படியேறினாள். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் அக்கா மட்டும் திரையைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

படம் முடிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. ஒரு மூத்த விமர்சகர் தூசியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐம்பது வருஷமா பாக்கறேன். கதவைத் தாழ் போட்டுக்கச் சொல்ற அந்த வரியை இன்னைக்குத்தான் கவனிச்சேன். என்ன எழுத்துய்யா!"

மேடையில் நாயகிக்குப் பதக்கம் அணிவித்தார்கள். மாடிப்படிக் காட்சியைப் பற்றி ஏதாவது பேசச் சொன்னார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். என்ன அடக்கம் என்று எல்லோரும் வியந்தார்கள். அடுத்து, தலைவர் தூசியாரை மேடைக்கு அழைத்து நிரந்தர ஆணையைக் கொடுத்தார். தூசியாருக்குக் கண் கலங்கியது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவரைப் பெற்றோர் வைத்த பெயரால் அழைத்தார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஆணையை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டு வாசலில் நின்றபோது, தங்கை மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்றார். மருந்துப் பையும் சால்வையும் கையிலேயே இருந்தன. அக்காவைச் சுற்றி ஐம்பது பேர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாடிப்படி சீன்ல மச்சத்தை மாத்துனது நீங்களா தம்பி?"

"ஆமாம்மா" என்றார் தூசியார் பெருமையாக. "வலது கன்னத்துல தப்பா இருந்துச்சு. ஐம்பது வருஷமா ஒருத்தரும் கவனிக்கல."

"நான் கவனிச்சிட்டுத்தான் இருந்தேன். எங்க போட்டாலும் போய் அதைத்தான் பாப்பேன்."

"அப்படியா! அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லக் கூடாதுன்னு தயாரிப்பாளர் சத்தியம் வாங்கிக்கிட்டாரு" என்றார் அந்த அம்மாள், தண்ணீர் பாட்டிலை மறு கைக்கு மாற்றிக்கொண்டே. "அக்கா காய்ச்சல்ல படுத்த அந்தப் பத்து நாள் அந்தப் படியில ஏறினது நான்தான் தம்பி, அவசரத்துல அக்கா போட்டோவை வச்சுக் கண்ணாடியைப் பாத்து மச்சம் வரைஞ்சதுல கன்னம் மாறிப்போச்சு, அந்த முகம் என்னோடதுன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு."