வலது தோள்: ஓர் ஆய்வறிக்கை

ஒரு பெண்ணைப் பெற்றோர் ஓரளவு புரிந்துகொள்ளலாம். கணவர் புரிந்துகொண்டதாக நினைக்கலாம். ஆனால் அவளை முழுமையாக, கட்டம் கட்டமாக, மூன்று பிரதிகளில் புரிந்துகொள்ளும் ஆற்றல் இவ்வுலகில் காப்பீட்டு நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு.

இந்த மாபெரும் உண்மை அவளுக்குச் சாலையைக் கடக்கும்போது கிடைத்தது. பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளைக் கோட்டின்மேல் ஒழுங்காகத்தான் நடந்தாள். கார் ஓட்டியவர்தான் கைபேசியில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். காய்கறிப் பை ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். விழுந்த வேகத்தில் எழுந்து, உருண்டோடிய வெங்காயத்தை அவள் பொறுக்க ஆரம்பித்ததும், "பெரிசா ஒண்ணுமில்லப்பா" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுக் கூட்டம் கலைந்தது.

பெரிசாக ஒன்று இருந்தது. வலது கை காதுக்கு மேல் ஏறவில்லை. தன் தலைமுடியைத் தானே முடிந்துகொள்ள முடியவில்லை. மூன்று மாதத்துக்குள் தோளில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் அந்தக் கை இனி எப்போதும் ஏறாது என்றார் மருத்துவர். இடித்த காரின் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்தால்தான் சிகிச்சை. பணத்துக்கு ஒரு படிவம்.

படிவம் நிரப்பும் புனிதப் பணியைக் கணவர் ஏற்றார். அவர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். படிவத்தைக் கண்டால் பசி மறந்துவிடும்.

"ஏழாம் கட்டம். தொழில். இல்லைன்னு போட்டுடறேன்."

"ஏங்க, நான் வேலையே செய்யலையா?"

"சம்பளம் வாங்கற வேலையைக் கேக்கறான்மா. நீ வீட்ல சும்மாதானே இருக்கே?"

சும்மா இருந்தவள் அப்போது இடது கையால் அவருடைய மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்ற சொல் முத்து முத்தான கையெழுத்தில் ஏழாம் கட்டத்தில் அமர்ந்தது. தோளைவிட உள்ளே வேறெங்கோ வலித்தது அவளுக்கு. அந்த இடத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

'செவ்வாய் காலை பதினொரு மணிக்கு ஆய்வு அலுவலர் நேரில் வந்து மனுதாரரின் இயலாமையைப் பார்வையிடுவார்' என்று கடிதம் வந்தது. அவள் அந்த வரலாற்றுப் பிழையைச் செய்தது அப்போதுதான். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். கூட்டினாள், துடைத்தாள், திரைச்சீலை மாற்றினாள். ஒவ்வொரு தடவை தோள் இழுக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கல்லூரிக்குக் கிளம்பிய மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா! உனக்கு முடியலைன்னு பாக்கத்தானே அவர் வர்றாரு?"

"அதுக்காக? ஒட்டடையையுமா பாத்துட்டுப் போகணும்?"

ஆய்வு அலுவலர் நல்ல மரியாதைக்காரர். செருப்பை வாசலிலேயே கழற்றினார். சன்னலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியாக அவளையும் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் தேநீரை நீட்டினாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். நீங்க?"

அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. 'இல்லத்தின் தூய்மை முன்மாதிரியானது. சன்னலில் கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைக்கப்பட்டிருந்தது. தேநீர் மிகச் சிறப்பு. இத்தகைய பணிகளை அன்றாடம் ஆற்றிவரும் மனுதாரருக்குக் காயம் ஏதுமில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் வேலையை ஒருவர் எழுத்தில் பாராட்டியது இதுவே முதல்முறை. கோபத்துக்கு முன்னால் கொஞ்சம் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

கணவர் மேல்முறையீடு செய்தார். இரண்டு வாரத்தில் மறு ஆய்வு.

"இந்தத் தடவை ஒரு துரும்பையும் நகர்த்தாதே. நிஜமாவே சும்மா இரு."

அவள் கீழ்ப்படிந்தாள். சும்மா இருப்பது எப்படி என்று முதல் இரண்டு நாள் பழகினாள். மூன்றாம் நாள் அந்தக் கலை கைவந்துவிட்டது. ஐந்தாம் நாள், "நம்ம வீட்ல இத்தனை பாத்திரமா இருக்கு?" என்று கணவர் வியந்தார். எட்டாம் நாள் சட்டைகள் தாமாக இஸ்திரியாவதில்லை என்று கண்டுபிடித்தார். பத்தாம் நாள் அப்பாவும் மகளும், குப்பைக் கூடை எந்தத் 'துறை'யைச் சேர்ந்தது என்று கூட்டம் போட்டு, முடிவை ஒத்திவைத்தார்கள்.

ஆய்வு அலுவலர் இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. உட்கார இடமில்லாமல் நின்றபடியே கணவர் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்தார். அடுத்த வாய் குடிக்கவில்லை.

"சார், இருபத்து மூணாம் கட்டத்தை நீங்க நிரப்பவே இல்லையே?" என்றார் பரிவோடு. 'மனைவியின் பணிகள் தடைப்பட்டதால் கணவருக்கு நேர்ந்த இழப்பு.'

கணவர் பேனாவை எடுத்தார். கட்டம் போதவில்லை, மூன்று தாள் இணைத்தார். சமையல், துணி, மின்கட்டணம், தம் இரத்த அழுத்த மாத்திரை, தினமும் காலையில் தம் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தல் என்று நாற்பத்தொரு இனம். அவள் எட்டிப் படித்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. 'இவருக்குத் தெரியாது' என்றுதான் இத்தனை வருடமாக அவரை மன்னித்து வந்திருந்தாள்.

மூன்று மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இறுதிக் கடிதம் காசோலையோடு வந்தது. கணவர் நடுக்கூடத்தில் நின்று உரக்கப் படித்தார்.

"'இவ்விபத்தில் பாதிக்கப்பட்டவர் கணவரே என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது.' பாத்தியா! என் பேருக்கே காசோலை! நல்ல தொகைதான்மா. சந்தோஷமான நேரம், ஒரு டீ போடேன்."

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. "அடுத்த பத்தியையும் படிங்க."

"'மனைவியைப் பொறுத்தவரை, ஏழாம் கட்டத்தின்படி தொழில் இல்லாததால் இழப்பும் இல்லை. அவரது வலது தோள், இணைக்கப்பட்ட நாற்பத்தொரு இனப் பயன்பாட்டினால் விபத்துக்கு முன்பே தேய்ந்துவிட்டது. இத்தேய்மானத்தைச் சரிசெய்யும் முழுச் செலவும் பத்தொன்பது ஆண்டுகளாக அதைப்...'"

கடிதத்தை மடிக்கப் போனார்.

"படிங்க."

"'...பயன்படுத்தியவரைச் சாரும்.'"

"யாருங்க அது?"

கணவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியில் ஒட்டடை தொங்கியது. அவள் மருத்துவமனை தந்த செலவுச் சீட்டை எடுத்துக் காசோலையின்மேல் வைத்தாள். அவர் இரண்டையும் சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கே கட்டிடறேன்."

"சரி. டீ?"

விபத்தில் பாதிக்கப்பட்டவர் மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனார். டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டவரின் குரல் வந்தது:

"ஏம்மா, நம்ம வீட்ல சர்க்கரை எங்க இருக்கும்?"